வேவு மென்பொருள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பிரவுசரில் எதைத் தேடினாலும் வேறு ஏதோ ஒரு தளத்துக்குப் போகிறது. ஆன்ட்டிவைரஸ் ‘எல்லாம் சரி’ என்கிறது. எதை நம்புவது?

பதில்: உங்கள் கண்ணை நம்புங்கள். இது பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரில் சேர்க்கும் துணைச் செயலியின் வேலை. நிறுவும்போது நீங்களே அனுமதி கொடுத்திருப்பதால் ஆன்ட்டிவைரஸ் பல நேரம் கண்டுகொள்ளாது. குரோமில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் ‘டீடெயில்ஸ்’ திறந்து பாருங்கள். வெறும் கூப்பன் தேடித் தரும் எக்ஸ்டென்ஷனுக்கு ‘எல்லாத் தளங்களிலும் உள்ள தகவலைப் படிக்கவும் மாற்றவும்’ அனுமதி இருந்தால், நீங்கள் திறக்கும் மெயில் பக்கத்தையும் அதனால் படிக்க முடியும். எது எதற்கென்று தெரியாதவற்றை யோசிக்காமல் நீக்குங்கள். பிறகு பிரவுசர் செட்டிங்ஸை ரீசெட் செய்யுங்கள்.

கேள்வி: காசு கொடுத்து ஆன்ட்டிவைரஸ் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வீட்டு உபயோகத்துக்கு விண்டோஸுடன் வரும் டிஃபென்டரே போதும் என்பது என் கருத்து. அது இயங்குகிறதா, அதில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பட்டியல் காலியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சில வேவு மென்பொருள்கள் உள்ளே வந்ததும் தங்கள் ஃபோல்டரை அந்தப் பட்டியலில் சேர்த்துவிடும். அதன்பின் ஸ்கேன் அந்தப் பக்கமே போகாது. சந்தேகம் இருந்தால் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ கொடுங்கள். விண்டோஸ் முழுதாகத் தொடங்கும் முன்பே அது தேடுவதால், ஒளிந்திருப்பதும் சிக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: மகன் கிராக் செய்த கேம் ஒன்றை நிறுவினான். ஆன்ட்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவச் சொல்லியிருந்ததாம். இரண்டு நாளில் என் மெயிலில் யாரோ நுழைந்திருக்கிறார்கள். உடனே பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். போதுமா?

பதில்: அந்தக் கணினியிலேயே மாற்றியிருந்தால் போதாது. நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்து அனுப்பும் கீலாகர் அதில் உட்கார்ந்திருந்தால் புதிய பாஸ்வேர்டும் அடிக்க அடிக்கவே போய்ச் சேர்ந்திருக்கும். முதலில் கணினியின் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். சுத்தமான வேறொரு கருவியிலிருந்து மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மற்றக் கணக்குகளையெல்லாம் மெயில் வழியாகத்தானே மீட்கிறோம், அதனால் அதுதான் முதலில். அடுத்து ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதைக் கட்டாயம் அழுத்துங்கள். இவ்வகை மென்பொருள்கள், நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்திருப்பதைத் தளத்துக்குக் காட்டும் பிரவுசர் குக்கீகளையும் திருடுகின்றன. அவை கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். நேராக உள்ளே வந்துவிடலாம். மீட்பு எண்ணும், மெயிலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் ஃபார்வர்டிங் அமைப்பும் மாற்றப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். பிறகு வங்கிக் கணக்கு.

கணினியைப் பொறுத்தவரை, படங்களையும் ஆவணங்களையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். ஸ்கேன் செய்து ‘சுத்தம்’ என்று வந்தாலும் இந்த நிலையில் நான் அதை நம்பமாட்டேன். மகனைத் திட்டாதீர்கள், அடுத்த முறை நடந்ததை மறைத்துவிடுவான்.

கேள்வி: திடீரென சைரன் சத்தத்தோடு ‘உங்கள் கணினி பாதிக்கப்பட்டுள்ளது, இந்த எண்ணை அழையுங்கள்’ என்று திரை முழுக்க வருகிறது.

பதில்: அது வெறும் இணையப் பக்கம். அழைக்காதீர்கள். ‘எஸ்கேப்’ விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து, பிரவுசரை மூடுங்கள். மூடவில்லையா, டாஸ்க் மேனேஜரில் நிறுத்துங்கள். ஏற்கெனவே அழைத்து, அவர்கள் சொன்ன, தூரத்திலிருந்தே உங்கள் கணினியை இயக்க விடும் ரிமோட் செயலியை நிறுவிவிட்டீர்கள் என்றால், முந்தைய பதிலில் சொன்னவை அத்தனையும் உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: இன்னும் விண்டோஸ் 10தான் வைத்திருக்கிறேன்.

பதில்: பாதுகாப்பு அப்டேட் உட்பட அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினி என்றால் லினக்ஸுக்கு மாறலாம். எதுவும் செய்யாமல் அதிலேயே வங்கி வேலை பார்ப்பதை மட்டும் நிறுத்துங்கள்.