ஏஐ "92 வீதம்" என்று சொன்னால் மருந்தை அடித்துவிடலாமா?

முரசுமோட்டையிலிருந்து ஒரு கமக்காரர் கேட்டிருக்கிறார். காலபோக நெல், ஐம்பது நாள் பயிர். வயலின் நடுவே இரண்டு மூன்று இடங்களில் வட்டமாக மஞ்சளித்துக் காய்கிறது. மகன் ஓர் இலையைப் போனில் படம் பிடித்து ஏஐ செயலியில் போட்டிருக்கிறார். "எரிபந்தம், 92 வீதம்" என்று வந்ததாம். மருந்தின் பெயரும் அளவும் கூடவே வந்திருக்கின்றன. மருந்துக் கடையில் காட்டியதும், "கம்பியூட்டரே சொல்லுது, பிறகென்ன யோசனை" என்று முதலாளி இன்னொரு போத்தலையும் சேர்த்து எடுத்து வைத்தாராம். நம்பி அடிக்கலாமா?

ஐயா, இன்னும் அடிக்கவில்லையென்றால் பொறுங்கள். படங்களை அடையாளம் காணும் கணினி நிரல்கள்தான் என் தொழில். பரந்தனில் வயலோடு வளர்ந்தவன் என்பதால் உங்கள் வரம்பும் எனக்குத் தெரியும்.

முதலில் அந்த 92. உங்கள் பயிருக்கு எரிபந்தம் இருக்க நூற்றில் 92 வாய்ப்பு என்று அதற்கு அர்த்தம் இல்லை. செயலிக்கு ஒரு இருபது முப்பது நோய்களின் பெயர் தெரியும் என்று வையுங்கள். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் அந்தப் பெயர்களுக்குள்தான் அது நூறைப் பங்கிடும். "இது எனக்குத் தெரியாது" என்று சொல்ல அதைப் பழக்கியிருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டு முருங்கை இலையை ஒருமுறை காட்டினேன். தக்காளி நோய் என்று உறுதியாகச் சொன்னது.

அது எதைப் பார்த்துப் படித்தது என்பதும் முக்கியம். 2016இல் வந்த பேர்போன ஆய்வு ஒன்றில் 54,306 இலைப் படங்களைக் காட்டிக் கணினியைப் பழக்கினார்கள். அதே தொகுப்பிலிருந்து ஒதுக்கி வைத்த படங்களில் 99 வீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்ததும் 31 வீதமளவுக்கு இறங்கிவிட்டது. பழக்குவதற்குக் காட்டியவை 14 பயிர்களின் இலைகளைப் பிடுங்கி, வெறும் பின்னணியில் வைத்து எடுத்த படங்கள். அந்தப் பயிர்களில் நெல் இல்லவே இல்லை. உங்கள் மகன் எடுத்ததோ வெயிலில், சேற்றுக்கு மேலே, நிழல் விழுந்த படம்.

அப்புறம், வட்டமாகக் காய்கிறது என்கிறீர்கள். எனக்கு அறக்கொட்டிப் பூச்சி மேல்தான் சந்தேகம். இலையை எத்தனை படம் எடுத்தாலும் அது தெரியாது. ஏனென்றால் அந்தப் பூச்சி இருப்பது பயிரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே. வயலுக்குள் இறங்குங்கள். காய்ந்த வட்டத்துக்குள் பார்க்காமல், அதன் ஓரத்தில் பச்சையாக நிற்கும் பயிரின் அடியைக் கையால் தட்டுங்கள். கபில நிறச் சின்னப் பூச்சிகள் தண்ணீரில் விழுந்து துள்ளினால் அது அறக்கொட்டி. எரிபந்தம் பூஞ்சண நோய், அதற்கு அடிக்கிற மருந்து இந்தப் பூச்சியை ஒன்றும் செய்யாது. கடைக்காரர் சேர்த்துத் தந்த போத்தல் பைரித்ரொயிட் என்ற பூச்சிகொல்லி வகையாக இருந்தால் இன்னும் மோசம். அறக்கொட்டியைத் தின்னும் சிலந்திகளை அது கொன்றுவிடும், பூச்சி முன்னிலும் அதிகமாகத் திரும்பி வரும். பிறகு மூன்றாவது போத்தலுக்கு நீங்களே கடைக்குப் போவீர்கள்.

இந்தக் கடைகளைப் பற்றி எத்தனை தடவை சொன்னாலும் போதாது. கடனுக்கு மருந்து தருவார்கள், அறுவடை நெல்லை அவர்களுக்கே கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டு மருந்தைக் கலந்து அடி, மூன்றைக் கலந்து அடி என்பார்கள். முன்பு தங்கள் அனுபவம் என்று சொல்லி விற்றதை இப்போது ஏஐ என்று சொல்லி விற்கிறார்கள். செயலிக்கு மாதச் சந்தா கட்டச் சொல்லி வருகிறவர்களும் இந்தக் கூட்டந்தான்.

மருந்தளவை ஏஐயிடம் கேட்கவே கேட்காதீர்கள். கேள்விக்குப் பதில் எழுதும் ஏஐ, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்து எழுதுவது. எண்களும் அதற்குச் சொற்கள்தான். ஹெக்டேயருக்கான அளவை ஏக்கருக்குச் சொல்லிவிடக்கூடும். தமிழில் கேட்டால் தமிழ்நாட்டு ஆலோசனையை எடுத்துத் தரவும் கூடும். அங்கே நெல்லுக்குச் சிபாரிசு செய்யப்பட்ட குளோர்பைரிபொஸ் இலங்கையில் தடை. பீடைகொல்லிப் பதிவாளர் அனுமதித்த லேபிளில் உள்ள அளவு ஒன்றே அளவு. லேபிளின் எழுத்து பொடியாக இருந்தால் அதைப் படம் பிடித்து வாசித்துத் தரச் சொல்லலாம். அந்த வேலையை ஏஐ நன்றாகச் செய்யும், ஆனால் எண்களை மட்டும் போத்தலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

விவசாயப் போதனாசிரியரைப் பிடிக்க முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், ஒருவர் தலையில் எத்தனை கிராமத்தைக் கட்டுவது? வன்னி வயல்களில் வரும் நோய்களை ஏ.ரி 362, மொட்டைக்கறுப்பன் போன்ற எங்கள் நெல் இனங்களில் படம் எடுத்துப் பெயரிட்டுச் சேர்த்திருந்தால் எங்களுக்கென்று நம்பகமான செயலி ஒன்றைச் செய்யலாம். கேட்டு அலுத்துவிட்டேன். கூட்டம் வைக்கிறார்கள், கோப்பு நகர்வதில்லை.

ஆகவே இன்று பின்னேரமே அடியைத் தட்டிப் பாருங்கள். அறக்கொட்டி என்றால் யூரியா போடுவதை நிறுத்தி, மூன்று நான்கு நாள் தண்ணீரை வடியவிடுங்கள். விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைத் தொலைபேசி இலக்கமான 1920க்கு எடுத்துச் சொல்லுங்கள். ஒரு பயிரை வேரோடு பிடுங்கி, அடிப்பகுதி கலையாமல் பொலித்தீன் பையில் போட்டுக் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். மருந்து தேவை என்று அவர்கள் சொன்னால், விசிறும்போது குழாய் நுனி பயிரின் அடியைப் பார்த்து இருக்கட்டும்.