எனக்குப் பிறகும் மகன் இதே வீட்டில் இருக்க வழி உண்டா?

கேள்வி: எனக்கு 67 வயது. வெள்ளவத்தையில் ஒரு பிளாட்டில் இருக்கிறோம். 1998இல் என் பெயரிலும் கணவர் பெயரிலும் சேர்த்து வாங்கியது. அரசாங்கப் பாடசாலை ஆசிரியராக இருந்த கணவர் நான்கு வருடங்களுக்கு முன் மரணசாசனம் எதுவும் எழுதாமலே காலமானார். மகனுக்கு 31 வயது, டவுன் சின்ட்ரோம். காலையில் தானே 100ஆம் இலக்க பஸ் ஏறித் தெகிவளையில் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போய் வருவான். ஒழுங்கையில் எல்லாருக்கும் அவனைத் தெரியும். டொரோண்டோவில் இருக்கும் மகள், “வீட்டை என் பெயருக்கு எழுதுங்கோ, தம்பியை நான் பார்ப்பன்” என்கிறாள். இயலாமையுள்ளவர்களுக்கு அங்கே உள்ள ‘பாஸ்போர்ட்’ என்ற உதவித் திட்டத்தைப் பற்றியும் அனுப்புகிறாள். கணவரின் தம்பியோ, கோர்ட்டில் புத்தி சுவாதீனம் இல்லை என்று எழுதி எடுத்து ஓர் இல்லத்தில் சேர்ப்பதுதான் நல்லது என்கிறார். அதுவரை தன் பெயருக்கு மகனிடம் அற்றோணித் தத்துவம் வாங்கவும் பார்க்கிறார். வங்கி அவன் பெயரில் கணக்குத் திறக்க மறுத்தது. அவன் தனியாக லிப்டில் போகக்கூடாது என்று தொடர்மாடி நிர்வாகம் கடிதம் தந்திருக்கிறது. என்ன செய்வது?
– ஒரு தாய், கொழும்பு 6

பதில்: அம்மா, உங்கள் வீட்டில் எல்லாரும் மகனைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒரு விஷயத்தை மட்டும் யாருமே கவனிக்கவில்லை. அந்த வீட்டில் அவருக்கு ஏற்கனவே பங்கு இருக்கிறது.

கணவர் மரணசாசனம் இல்லாமல் இறந்ததால் அவருடைய அரைவாசி அப்படியே உங்களுக்கு வந்துவிடவில்லை. அதில் பாதிதான் உங்களுக்கு. மற்றப் பாதி பிள்ளைகள் இருவருக்கும் சமமாகப் போகும். எட்டுப் பங்காக வைத்துப் பார்த்தால் உங்களிடம் ஆறு, மகளிடம் ஒன்று, மகனிடம் ஒன்று. (யாழ்ப்பாணத்து ஆட்கள் என்றால் அவர்களுக்கே உரிய வழமைச் சட்டமான தேசவழமை வருமே என்று கேட்பீர்கள். கலியாணத்துக்குப் பிறகு தேடிய தேட்டம் என்றால் அங்கேயும் கணக்கு இப்படித்தான் வரும்.) ஆகவே முழு வீட்டையும் மகளுக்கு எழுத உங்களால் முடியாது. எழுதிக் கொடுக்க ஒரு நொத்தாரிசு கிடைத்தாலும் அந்த உறுதி உங்கள் ஆறு பங்குக்கு மட்டும்தான் செல்லும்.

அந்த ஆறு பங்கையும் மகளுக்கு நன்கொடையாகக் கொடுப்பதை நான் விரும்பவில்லை. மகள் மேல் சந்தேகமில்லை. ஆனால் அவருக்கு அங்கே கடன் வரலாம், விவாகரத்து வரலாம், அவரே உங்களுக்கு முன் போய்விடலாம். நன்கொடை உறுதியில் “தம்பியைப் பார்க்க வேண்டும்” என்று ஒரு வரி போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு, மீளப்பெற முடியாததென்று எழுதிய நன்கொடையை நன்றிகேட்டைக் காட்டி இரத்துச் செய்ய வேண்டுமானால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அங்கே பார்ப்பது கொடுத்தவருக்குச் செய்த நன்றிகேட்டை. நீங்கள் போன பிறகு தம்பிக்கு நடக்கும் அநியாயத்துக்கு அது மருந்தாகாது. மகள் இலங்கைக் குடியுரிமையை விட்டிருந்தால், வெளிநாட்டவர் காணி வாங்குவது பற்றிய 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தையும் பார்க்காமல் அவர் பெயருக்கு எதையும் எழுதக்கூடாது.

எனக்குச் சரியாகப் படுவது நம்பிக்கைப் பொறுப்பு (டிரஸ்ட்): ஒருவர் சொத்தைத் தன் பெயரில் வைத்திருந்து இன்னொருவரின் பயனுக்காக நடத்தும் ஏற்பாடு. 1917இலிருந்து நம்மிடம் நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. கோயில் வழக்குகளில்தான் அது அதிகம் அடிபடுவதால் குடும்பங்களுக்கு அது நினைவுக்கு வருவதில்லை. உங்கள் ஆறு பங்கையும் நொத்தாரிசு உறுதி மூலம் நம்பிக்கைப் பொறுப்பில் வையுங்கள். முதல் பொறுப்பாளர் நீங்களே. உங்களுக்குப் பின் மகளும், கொழும்பில் இருக்கும் ஒருவரும் சேர்ந்து. பயன் பெறுபவர் மகன். அவர் காலத்துக்குப் பிறகு வீடு மகளுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ போகட்டும். மகளும் தன் ஒரு பங்கை அதில் சேர்த்துவிட்டால் மிக நல்லது. “நான் பார்ப்பன்” என்ற வார்த்தையின் கனம் அப்போது தெரிந்துவிடும்.

மரணசாசனத்திலும் இதை எழுதலாம். நொத்தாரிசு முன் இரண்டு சாட்சி, அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சி. ஆனால் மரணசாசனம் என்றால் பிறகு அதை நீதிமன்றத்தில் நிரூபிக்கும் தெஸ்தமெந்தாரி வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டும். அந்த மாதங்களில் கரண்ட் பில்லையும் பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளத்தையும் யார் கட்டுவது? அதனால் வீட்டுக்கு இப்போதே உறுதி, மிச்சச் சேமிப்புக்கு மரணசாசனம் என்று பிரித்துச் செய்யுங்கள்.

உறுதியில் என்ன எழுதுகிறோம் என்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். “மகனின் நலனுக்காக” என்று மட்டும் எழுதிவிட்டு வருகிற உறுதிகளைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. நலன் என்றால் இல்லத்தில் சேர்ப்பதும் நலன்தான் என்று நாளைக்கு ஒருவர் சொல்லுவார். அவர் இந்த வீட்டிலேயே வாழ்வதற்கு என்று எழுதுங்கள். தொடர்மாடி மாதாந்தக் கட்டணம், வீட்டில் வந்து உதவுபவரின் சம்பளம், பஸ் காசு, வெள்ளிக்கிழமைக் கோயில், பயிற்சி நிலையம் எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லிச் செலவு வையுங்கள். அவரிடம் கேட்காமல், அவரை நன்கு அறிந்த வெளியாள் ஒருவரின் சம்மதமும் இல்லாமல் இடம் மாற்றக்கூடாது என்று ஒரு நிபந்தனை. இன்னொன்று: வீட்டை வைத்திருப்பவர், காசைக் கையாள்பவர், தினமும் கூட இருப்பவர் மூன்றும் ஒரே ஆளாக இருக்க விடாதீர்கள். எவ்வளவு நல்ல சித்தப்பாவாக இருந்தாலும்.

சித்தப்பா சொன்ன கோர்ட் வழிக்கு வருவோம். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 39ஆம் அத்தியாயம் அதற்குரியது. சொத்துள்ள ஒருவர் சித்த சுவாதீனமற்றவர், தன் காரியங்களை நடத்த இயலாதவர் என்று மாவட்ட நீதிமன்றம் விசாரித்துத் தீர்மானித்தால் சொத்துக்கு ஒரு முகாமையாளரையும் ஆளுக்கு ஒரு பாதுகாவலரையும் நியமிக்கும். உங்கள் மகனின் எட்டில் ஒரு பங்கை விற்றே ஆக வேண்டிய நாள் வந்தால், அதன் அர்த்தம் அவருக்கு விளங்காவிட்டால், அந்த வழி தேவைப்படலாம். இப்போது யாரும் விற்கப்போவதில்லையே? பிறகு எதற்கு? அப்படித் தீர்மானித்த ஒருவர் அரசியலமைப்பின் 89ஆவது உறுப்புரையின்படி வாக்காளர் தகுதியையும் இழக்கிறார். சின்ன வேலைக்காகப் பெரிய முத்திரை குத்துகிறோம். அதை அழிப்பது கஷ்டம்.

அற்றோணித் தத்துவத்துக்குக் கையெழுத்து வாங்குவதை உடனே நிறுத்துங்கள். அது என்னவென்று விளங்காமல் மகன் வைத்த கையெழுத்துக்குச் சட்டத்தில் பெறுமதி இல்லை. விளங்கித்தான் வைத்தார் என்றால், அவருக்கு எதுவும் விளங்காது என்று சித்தப்பா கோர்ட்டில் எப்படிச் சொல்லப்போகிறார்?

வங்கி விஷயமும் இதோடு ஒட்டியதுதான். 18 வயதுக்கு மேல் ஒருவருக்கு ஆற்றல் இருக்கிறது என்பதுதான் சட்டத்தின் தொடக்கம். இல்லை என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும், அதுவும் அந்தக் குறிப்பிட்ட காரியத்துக்கு. சேமிப்புக் கணக்கில் காசு போட்டு எடுப்பது அடமானம் வைப்பது போன்ற காரியமல்ல. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அநேகமாக அந்த இடத்திலேயே முகாமையாளர் இறங்கி வருவார். வராவிட்டால் வங்கியின் தலைமையகத்துக்கு எழுதி, அதன் பிறகு மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்குப் போங்கள்.

லிப்ட் கடிதத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். இயலாமையுள்ளவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பொதுமக்கள் போய்வரும் இடத்தில் இயலாமையைக் காரணம் காட்டித் தடையோ நிபந்தனையோ போடக்கூடாது என்கிறது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். ஆனால் தனியார் தொடர்மாடியின் லிப்ட் ‘பொதுமக்கள்’ இடம்தானா என்று எதிர்த்தரப்பு வாதாடும். அதைவிடப் பலமான ஆயுதம் உங்களிடம் இருக்கிறது. மகன் அங்கே வந்துபோகும் விருந்தாளி அல்ல, பங்காளி. லிப்ட் போன்ற பொது ஆதனம் எல்லா உரிமையாளருக்கும் உரியது, நிர்வாகக் கூட்டத்தில் கைதூக்கி ஒருவரின் பங்கைப் பறிக்க முடியாது. இதை ஒரு சட்டத்தரணி கடிதமாக அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபைக்கு முறைப்பாடு செய்யலாம். வழக்கு கடைசியாகத்தான். தினமும் முகம் பார்க்கிற அயலவர்கள், அவர்களோடுதான் மகன் நாளைக்கும் வாழப்போகிறார்.

சரி, அரசாங்கம். டொரோண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் உங்கள் மகனைப் போன்றவர்களுக்கென்றே 2008இல் ஒரு சட்டம் வந்தது, 2009இல் கடைசிப் பெரிய இல்லங்களையும் மூடினார்கள். மகள் சொல்லும் பாஸ்போர்ட் என்பது ஒருவர் ஊருக்குள் வாழத் தேவையான உதவிக்கு அவர் கையிலேயே பணம் கொடுக்கும் ஏற்பாடு. இங்கே அப்படியொரு உரிமை நம் சட்டத்தில் எழுதப்படவில்லை. எங்கே, யாரோடு வாழ்வது என்பதை இயலாமையுள்ளவர் தானே தெரிவு செய்யலாம் என்று சொல்லும் ஐ.நா. சமவாயத்தின் 19ஆவது உறுப்புரையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது உண்மைதான். ஆனால் உள்நாட்டுச் சட்டமாக்காத சமவாயத்தை நீதிமன்றம் நேரடியாக நடைமுறைப்படுத்தாது. 2006இல் சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இருப்பதை எடுப்போம். உங்கள் பிரிவு திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம். அங்கே சமூக சேவை உத்தியோகத்தரிடம் மகனைப் பதிவு செய்யுங்கள். மாதாந்த இயலாமைக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ஆனது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கே அது, உங்கள் ஓய்வூதியத்தைப் பார்த்து மறுக்கலாம். அதைவிட முக்கியமானது கணவரின் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம். உழைத்துச் சீவிக்க முடியாத, இயலாமையுள்ள பிள்ளைக்கு வயது வந்த பிறகும் அதைப் பெற இடமுண்டு. உங்களுக்குப் பின் அது மகனுக்குப் போக வேண்டும். மருத்துவப் பத்திரங்களைத் தேடி ஒழுங்குபடுத்திக் கோப்பில் சேர்ப்பிக்கும் வேலையை நீங்கள் இருக்கும்போதே முடியுங்கள். பிறகு டொரோண்டோவிலிருந்து யாரும் வந்து அந்தக் கந்தோர்ப் படி ஏறப்போவதில்லை. அரச அலுவலகம் ஏதாவது மகனைப் பாரபட்சமாக நடத்தினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மாதத்துக்குள் எழுதுங்கள். அடிப்படை உரிமை வழக்குக்கும் அதே ஒரு மாதம்தான்.

கட்டணம் கொடுக்க வசதி இல்லையென்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. யாரிடம் போனாலும் 1998 உறுதி, கணவரின் மரணச் சான்றிதழ், ஓய்வூதியப் பத்திரம், லிப்ட் கடிதம் நான்கையும் கொண்டு போங்கள். மகனையும் கூட்டிப் போங்கள். அவருடைய பங்கைப் பற்றிப் பேசும்போது அவரை வெளியே வாங்கில் இருத்திவிடாதீர்கள், உள்ளே ஒரு கதிரை போடச் சொல்லுங்கள்.