வாங்கலாமா, வேண்டாமா? கம்யூனிசம் போன நாடுகளில் வீடு: கேள்வி-பதில்

கேள்வி: மகள் ஜார்ஜியாவில் எம்.பி.பி.எஸ். படிக்கிறாள். பத்தூமியில் கடலோரமாக ஒற்றை அறை ஃபிளாட் இருக்கிறது, வருடத்துக்கு 12 சதவீத வாடகை உறுதி என்கிறார் ஏஜென்ட். கட்டடம் இனிமேல்தான் எழும்ப வேண்டும். - சேலம் வாசகர்

பதில்: வாடகைக் கணக்கை நம்பாதீர்கள். பத்தூமியில் கூட்டம் கோடையில்தான். பதிவு முறை அங்கே நன்றாகவே இருக்கிறது. மனையின் எண்ணைக் கொடுத்தால் உரிமையாளர் யார், அடமானம் உண்டா என்பது இணையத்திலேயே தெரியும். முதலில் அதைப் பாருங்கள். ஒப்பந்தத்தில் 'பிளாக் ஃபிரேம்' என்றிருந்தால் கான்கிரீட் கூடுதான் கைக்கு வரும். ஒயரிங், டைல்ஸ், பாத்ரூம் எல்லாம் உங்கள் செலவு. படத்தைப் பார்த்து முன்பணம் கட்டிவிட்டு, சாவிக்காக வருடக்கணக்கில் நானும் அலைந்திருக்கிறேன். அப்புறம், வாங்கினால் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டியாக வேண்டும். மறைத்தால் 10 லட்சம் ரூபாய் அபராதம்.

கேள்வி: அப்காசியாவில் வீடுகள் இன்னும் மலிவாமே? - துபாய் வாசகர்

பதில்: வேண்டாம். அப்காசியா ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து நிற்கும் பகுதி. ஜார்ஜியாவின் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த விற்பனை செல்லாது. 1990களின் போரில் விரட்டப்பட்ட ஒரு குடும்பத்தின் வீடாகவும் அது இருக்கலாம்.

கேள்வி: புக்கரெஸ்டில் ஐ.டி. வேலை. நகர நடுவில் 1930களில் கட்டிய ஃபிளாட் சல்லிசாக வருகிறது. கம்யூனிசம் போய் முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது, பழைய கதை எதற்கு என்கிறார் புரோக்கர். - ருமேனியாவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: பழைய கதைதான் அந்த வீட்டின் பத்திரம். இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, ஆனாலும் யாரும் கேட்பதில்லை. கம்யூனிசம் போன நாடுகள் எல்லாம் ஒன்றல்ல. அரசு பறித்த சொத்தைப் பிறகு யாரிடம் கொடுத்தது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஜார்ஜியா 1990களில் குடியிருந்தவர்களுக்கே ஃபிளாட்டைக் கொடுத்தது. அல்பேனியா 1991இல் கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்க, பழைய உரிமையாளர்களும் கேட்டு வந்தார்கள். ருமேனியாவில் 1950ஆம் ஆண்டின் 92ஆம் ஆணை வீடுகளை அரசுடைமையாக்கியது. 1995இல் வந்த சட்டம், அவற்றில் குடியிருந்தவர்கள் விலைக்கு வாங்கிக்கொள்ள வழிவிட்டது. 2001இன் 10ஆம் சட்டம் பழைய உரிமையாளர்களும் வாரிசுகளும் திரும்பக் கேட்க வழிவிட்டது. ஒரே வீட்டுக்கு இரண்டு பேர், இருவர் கையிலும் சட்டப்படியான காகிதம்! வழக்குகள் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் வரை குவிந்தன. ஆகவே, 1950க்கு முன் அந்த வீடு யாருடையது, வாரிசுகள் கோரிக்கை வைத்தார்களா, வழக்கு முடிந்ததா என்று எழுத்தில் வாங்குங்கள். உங்கள் வக்கீல் விசாரிக்கட்டும், புரோக்கர் காட்டும் வக்கீல் வேண்டாம்.

வாசலில் சிவப்பு வட்டத் தகடு இருக்கிறதா என்றும் பாருங்கள். பலத்த நிலநடுக்கம் வந்தால் இடியக்கூடிய கட்டடம் என்று அதற்கு அர்த்தம். 1977 மார்ச் 4 நிலநடுக்கத்தில் ருமேனியாவில் 1,500 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் கட்டடங்களுக்கு வங்கிகள் பொதுவாகக் கடன் தருவதில்லை. விலை சல்லிசாக இருப்பது ஏன் என்று இப்போது தெரிகிறதா?

கேள்வி: ஜார்ஜிய மொழியில் இருந்த பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஏதாவது ஆகுமா? - சென்னை வாசகர்

பதில்: படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைக் கேட்கிறீர்கள். இன்றே ரத்து செய்யுங்கள்.

கேள்வி: பல்கேரியா சன்னி பீச்சில் ஸ்டூடியோவுக்கு முழுப் பணமும் கட்டினோம். முன் ஒப்பந்தம் மட்டும்தான் கையில் இருக்கிறது. கம்பெனி அந்தக் கட்டடத்தை வங்கியில் அடமானம் வைத்திருப்பது இப்போதுதான் தெரிய வந்தது. கணவரின் ஓய்வுக்காலச் சேமிப்பு அது. - லண்டன் வாசகி

பதில்: அம்மா, தவறு உங்களுடையது அல்ல. பணத்தை வாங்கிக்கொண்டு அடமானத்தை மறைத்தவர்கள்தான் குற்றவாளிகள். பல்கேரியாவில் நோட்டரி பத்திரம் முடிந்தால்தான் உரிமை மாறும். ஆனால் முன் ஒப்பந்தத்தையே இறுதி விற்பனைப் பத்திரமாக அறிவிக்கும்படி நீதிமன்றத்தில் கேட்க அங்கே சட்டத்தில் இடமுண்டு. அதற்குக் காலவரம்பு உண்டு, தள்ளிப்போட வேண்டாம். பணம் அனுப்பிய வங்கி ரசீதுகளை எடுத்து வையுங்கள். சொத்துப் பதிவேட்டிலிருந்து வில்லங்கச் சான்று வாங்கி, அடமானம் உங்கள் ஒப்பந்தத்துக்கு முன்பா பின்பா என்று பாருங்கள். அதே கட்டடத்தில் வாங்கிய மற்றவர்களையும் தேடிப் பிடியுங்கள். சேர்ந்து ஒரே வக்கீலை வைத்தால் ஆளுக்கான செலவு குறையும்.