பெர்மிட் இல்லாத ஆளுங்கள வச்சு கம்மி காசுக்கு வேலை எடுக்குறாரு, நானும் எறங்கிடவா?

கேள்வி: அக்கா, நான் சுங்கை சிப்புட் பக்கத்துல செம்பனைக்கு (பாமாயில் மரம்) மருந்து அடிக்கிறது, உரம் போடுறது, புல்லு வெட்டுறதுன்னு சின்னதா காண்ட்ராக்ட் எடுத்து செய்யிறேன். நாலு பேரு, எல்லாம் நம்ம ஊரு ஆளுங்க, ஈபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) ஒழுங்கா கட்டுறேன். ரெண்டு வருஷமா இன்னொரு காண்ட்ராக்டர் பத்து வெளிநாட்டு ஆளுங்கள வச்சிருக்காரு, ஒருத்தருக்கும் பெர்மிட் இல்ல, நாளுக்கு 50 வெள்ளி கையில கொடுத்து என்னை விட ரொம்ப கம்மி விலைக்கு வேலையை தூக்கிடுறாரு. எனக்கு வேலை கொடுத்த பழைய தவுக்கே (நிலத்து ஓனர்) மூணு பேரு அவர் பக்கம் போயாச்சு. அவரு கோயில் கமிட்டியிலயும் பெரிய ஆளு, புகார் கொடுத்தா ஊருக்கே தெரிஞ்சிடும்னு பயமா இருக்கு. இப்ப ஒரு ஏஜெண்ட் எனக்கும் அதே மாதிரி ஆளு தரேங்குறான். என்ன செய்ய? பேரு போடாதீங்க.

பதில்: தம்பி, மொதல்ல ஒரு கணக்கு போட்டுடுவோம், ஏன்னா உங்களுக்கு வியாபாரம் பண்ணத் தெரியலையோன்னு நீங்க நெனச்சிடக்கூடாது. 2025 பிப்ரவரியில இருந்து நம்ம மலேசியாவுல குறைஞ்சபட்ச சம்பளம் 1,700 வெள்ளி, அஞ்சு பேருக்கு கம்மியா வச்சிருக்குற உங்கள மாதிரி ஆளுங்களுக்கு ஆகஸ்ட் 1ல இருந்து. ஏக்கர் கணக்குல கூலி கொடுத்தாலும் மாசம் அதுக்கு கீழ போகக்கூடாது. அதுக்கு மேல உங்க பங்கு ஈபிஎஃப் 13 சதவீதம், அதாவது 221 வெள்ளி, சொக்சோவும் வேலை இன்சூரன்ஸும் சேர்த்து இன்னொரு முப்பது வெள்ளி சொச்சம். ஆக ஒரு ஆளுக்கு 1,950 தாண்டிடுது. அவருக்கு 50 வெள்ளி கணக்குல 26 நாளைக்கு 1,300, அவ்வளவுதான். தலைக்கு 650, பத்து தலைக்கு மாசம் 6,500. அவரு விலையை கொறைக்கிறது இந்த காசுலதான், கெட்டிக்காரத்தனத்துல இல்ல.

சரி, ஏஜெண்ட் விஷயம். வேணாம். இமிகிரேஷன் சட்டம் 1959/63ல 55பி-ன்னு ஒரு பிரிவு இருக்கு, பாஸ், அதாவது பெர்மிட் இல்லாத ஒரு ஆளை வேலைக்கு வச்சாலே தலைக்கு 10,000ல இருந்து 50,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்ல ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். அஞ்சு பேருக்கு மேல போனா ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வருஷம் உள்ள, ரொத்தானும் (பிரம்படி) உண்டு. நீங்க நாலு பேரை மாத்தி மாசம் 2,600 மிச்சம் பிடிக்கிறீங்கன்னு வச்சிக்கோங்க, ஒரே ஒரு ரைடு வந்தா கொறைஞ்சது 40,000, பதினஞ்சு மாசம் சேர்த்தது ஒரே நாள்ல போச்சு. அதோட நீங்க எறங்கினா அவரு இன்னும் கொஞ்சம் எறங்குவாரு, அப்புறம் நீங்க எங்க போவீங்க? இத்தனை வருஷம் கூட இருந்த அந்த நாலு பேரு வீட்டுக்கு என்ன பதில் சொல்வீங்கன்னும் யோசிங்க, அவங்கதான் மொதல்ல தெருவுக்கு வருவாங்க.

புகார் கொடுக்கலாமான்னா கொடுக்கலாம், ஆனா எதைப்பத்தி யார்கிட்டன்னு தெரிஞ்சு கொடுங்க. நம்ம ஆளுங்க நேரா இமிகிரேஷனுக்குத்தான் போன் போடுவாங்க, லோரி வரும், செம்பனைக்குள்ள ஓட முடியாதவங்கள பிடிச்சிட்டு போவாங்க, முதலாளி "இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது, எல்லாம் சப்-காண்ட் ஆளு"ன்னு கைய விரிப்பாரு, ஒரு மாசத்துல வேற பத்து பேரு வந்து அதே பம்பை முதுகுல மாட்டிக்குவாங்க. உங்களுக்கு போட்டி கொறையாது, அந்த பசங்க மட்டும் இமிகிரேஷன் தடுப்பு டிப்போல கெடப்பாங்க. அதனால ஜாபாத்தான் தெனாகா கெர்ஜாவுக்கு (தொழிலாளர் இலாகா) மொதல்ல போங்க, சம்பளம், ஓவர்டைம், சம்பள ரெக்கார்ட் இல்லாதது, வெளிநாட்டு ஆளு வைக்க அவங்ககிட்ட வாங்க வேண்டிய அப்ரூவல், இதெல்லாம் அவங்க பாக்குறது. அந்த அப்ரூவல் 2023 ஜனவரியில இருந்து வேலைச் சட்டத்துலயே கட்டாயம் ஆயிடுச்சு. போன்லயே 'வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ்'னு ஆப் இருக்கு, அதுல போடலாம். சொக்சோ கட்டலைங்கிறத பாக்குறது, சொக்சோவை நடத்துற பெர்கேசோ ஆபீஸ் வேலை. எழுதும்போது "அவன் நாட்டு ஆளு வந்துட்டான்"னு எழுதாதீங்க, எந்த நிலத்துல, எந்த நாள்ல, எத்தனை பேரு, லோரி நம்பர் என்ன, இத மட்டும் எழுதுங்க, அப்பதான் முதலாளி பக்கம் விசாரணை திரும்பும்.

இதுல ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். அந்த பத்து பேரு மேல கோவப்படாதீங்க. நெறைய பேரு பெர்மிட்டோடதான் வந்திருப்பாங்க, ஏஜெண்ட் சொன்ன வேலை இருக்காது, இல்ல முதலாளி பாஸ்போர்ட்டை பிடிச்சு வச்சிக்கிட்டு சம்பளம் கொடுக்காம ஓட விட்டிருப்பாரு, பெர்மிட் ஒரே முதலாளி பேர்லதான் இருக்கும், அங்கேருந்து கெளம்புன அன்னைக்கே அவன் சட்டவிரோதம். கையுறை இல்லாம முகத்துல துணி கூட கட்டாம மருந்து அடிக்கிறான், கண்ணுல பட்டா சொக்சோ இல்ல, ஆஸ்பத்திரிக்கு போக பயம். 1969க்கு அப்புறம் குடியுரிமை இல்லாம சிவப்பு ஐசி வச்சிருந்த நம்ம தோட்டத்து ஆளுங்ககிட்டயும் வொர்க் பெர்மிட் எங்கன்னு கேட்டாங்க, எத்தனையோ குடும்பம் இந்தியாவுக்கு ரஜூலா கப்பல் ஏறிச்சு, உங்க வீட்டு பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, கதை சொல்வாங்க.

இப்ப முக்கியமானது, உங்க வியாபாரம். விலையில அவர ஜெயிக்கவே முடியாது, அதனால விலை மட்டும் பாக்குற தவுக்கே பின்னாடி ஓடாதீங்க. செம்பனை தோட்டங்களுக்கு எம்எஸ்பிஓங்கிற தரச் சான்றிதழ் 2020 ஜனவரி 1ல இருந்து கட்டாயம், புது ஸ்டாண்டர்ட் 2025ல இருந்து ஓடுது, ஆடிட்டர் வந்தா காண்ட்ராக்டரோட அக்ரிமெண்ட்டையும் ஆளுங்க சம்பள விவரத்தையும் சேர்த்துத்தான் கேப்பாங்க. 2020ல நம்ம நாட்டு ரெண்டு பெரிய செம்பனை கம்பெனி எண்ணெயை கட்டாய உழைப்புன்னு சொல்லி அமெரிக்கா நிறுத்தினதுக்கு அப்புறம் பெரிய எஸ்டேட்டுங்க இதுல ரொம்பவே பயப்படுறாங்க. அங்க போங்க. ஒரு ஃபைல் போடுங்க, கம்பெனி ரெஜிஸ்ட்ரேஷன், நாலு பேரோட ஐசி காப்பி, சம்பள சிலிப், ஈபிஎஃப் சொக்சோ கட்டின ரசீது, மருந்து அடிக்கிற டிரெயினிங் ஏதாவது இருந்தா அதுவும். எஸ்டேட் ஆபீஸ் கிராணிகிட்ட (கிளார்க்) அந்த ஃபைலை வச்சிட்டு அப்புறம் விலை பேசுங்க. போன மூணு தவுக்கேகிட்டயும் சண்டை போடாம ஒரே ஒரு விஷயம் சொல்லி வைங்க, பாஸ் இல்லாத ஆளை தன் நிலத்துல இருக்க விட்ட ஓனருக்கும் அதே சட்டத்துல தனி பிரிவு இருக்கு, ரைடு வந்தா காண்ட்ராக்டரோட போகாதுன்னு. ஒருத்தராவது யோசிப்பாரு.

கோயில் கமிட்டி பத்தி எழுதியிருந்தீங்க. அன்னதானத்துக்கு மூட்டை மூட்டையா அரிசி கொடுக்குறவரு ஆளுங்களுக்கு சம்பளம் கொடுக்க மாட்டேங்குறாருன்னா அது அவருக்கும் அம்மனுக்கும் உள்ள கணக்கு, நீங்க கோயில்ல அத பேச்செடுக்காதீங்க. ஆப்ல புகார் போட்டா வீட்டு பொம்பளைங்ககிட்ட கூட சொல்லாதீங்க, சுங்கை சிப்புட்ல ஒரு காப்பிக்கடையில சொன்னது அடுத்த காப்பிக்கடைக்கு உங்களுக்கு முன்னாடி போய் சேர்ந்துடும். ஏஜெண்ட் மறுபடி போன் பண்ணா நம்பரை எழுதி வச்சிக்கிட்டு கட் பண்ணிடுங்க, புகார் பாரத்துல அதுவும் உதவும்.