துடைக்கும் முன் நனையுங்கள்: கார் பராமரிப்பு வாசகர் கேள்வி பதில்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தினமும் அதிகாலையில் ஒருவர் வந்து எல்லாக் கார்களையும் துடைத்துவிட்டுப் போகிறார். என்னுடைய கறுப்பு நிறக் காரை வாங்கி இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுவதும் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரிகின்றன. தினமும் சுத்தம் செய்தும் ஏன் இப்படி ஆகிறது?
— அம்பத்தூர் வாசகர்

தினமும் துடைப்பதால்தான் இப்படி ஆகிறது. காரின் நிறத்துக்கு மேல் ‘கிளியர் கோட்’ என்னும் நிறமற்ற பூச்சு ஒன்று உண்டு. பெரும்பாலான கார்களில் அதன் பருமன் ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரான். அதாவது நம் தலைமுடியைவிட மெல்லியது. தெருத்தூசியில் இருக்கும் நுண்மணல் அந்தப் பூச்சைவிடக் கடினமானது. ஆகவே, உலர்ந்த தூசியின் மேல் துணியை வைத்து அழுத்தித் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன. அவை சேரச் சேர, வெயில் படும்போது ஒளியைச் சிதறடித்து வட்டங்களாகத் தோன்றுகின்றன. வெள்ளை, வெள்ளி நிறக் கார்களிலும் இதே கீறல்கள் இருக்கும். கறுப்பு காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

துடைப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு வாளித் தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு கார்களை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நிலையில் இருப்பவர் வேறு எப்படிச் செய்ய முடியும்? முந்தைய காரின் மண் அதே துணியில் உங்கள் காருக்கு வந்து சேர்கிறது. அவரிடம் பேசி, மாதச் சம்பளத்தைக் குறைக்காமலேயே, தினமும் கண்ணாடிகளையும் விளக்குகளையும் மட்டும் துடைத்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் காருக்கென்று இரண்டு மைக்ரோஃபைபர் துணிகளையும் கொடுத்துவிடுங்கள். நான்கு நாள் தூசி படிந்து நிற்பதால் காருக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. பார்ப்பவர் என்ன நினைப்பார்களோ என்ற கவலைதான் பெயின்ட்டைத் தேய்க்கிறது.

வாரம் ஒருமுறை நீங்களே கழுவ முடிந்தால் நல்லது. முதலில், தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கைப்பம்புத் தெளிப்பானிலோ குழாயிலோ தண்ணீரைப் பாய்ச்சி, மண்ணைத் தொடாமலேயே கரைத்து இறக்குங்கள். பிறகு இரண்டு வாளிகள் வேண்டும்: ஒன்றில் கார் ஷாம்பு கலந்த நீர், மற்றதில் வெறும் நீர். துணியை ஷாம்புவில் தோய்த்துக் கூரையிலிருந்து கீழ்நோக்கித் துடைத்து, மறுபடி ஷாம்புவில் தோய்ப்பதற்கு முன் வெறும் நீரில் அலசிவிட வேண்டும். சக்கரங்களுக்குத் தனித் துணி; அது எந்தக் காலத்திலும் பானெட் பக்கம் வரக் கூடாது. பாத்திரம் துலக்கும் திரவம் எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்காகச் செய்யப்பட்டது. காரில் பூசிய மெழுகையும் அது சேர்த்தே எடுத்துவிடும்.

ஏற்கெனவே விழுந்த கீறல்களைப் பாலிஷ் செய்து நீக்கலாம். ஆனால் பாலிஷ் என்பது கீறலின் ஆழத்துக்குக் கிளியர் கோட்டையே சீவி எடுப்பதுதான். ஆண்டுதோறும் செய்துகொள்ளும் அளவுக்கு அங்கே பொருள் இல்லை. துடைக்கும் பழக்கத்தை முதலில் மாற்றிவிட்டு, அதன் பிறகு ஒருமுறை செய்துகொள்ளுங்கள். ‘செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாது’ என்று கடையில் சொல்வார்கள். அந்தப் பூச்சில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடும், அழுக்கு எளிதில் விடும் என்பது உண்மை. மணலோடு தேய்த்தால் அதிலும் கீறல் விழும் என்பதும் உண்மை.

போர்வெல் தண்ணீரில்தான் காரைக் கழுவுகிறேன். காய்ந்த பிறகு கண்ணாடியிலும் பெயின்ட்டிலும் வெள்ளைப் புள்ளிகள் நின்றுவிடுகின்றன. எப்படிப் போக்குவது?
— திருப்பூர் வாசகி

உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்லும் கடின நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள்தாம் அந்தப் புள்ளிகள். நீர் ஆவியாகிப் போக, உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. வெயிலில், சூடான பானெட்டின் மேல் கழுவினால் துடைப்பதற்குள்ளாகவே அது காய்ந்துவிடும். எனவே நிழலில், காலையிலோ மாலையிலோ, ஒரு பக்கத்தைக் கழுவியதும் அந்தப் பக்கத்தை உடனே ஒற்றி எடுத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குச் செல்லுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் மழைநீரோ, குடிநீரில் ஒரு குடமோ கிடைத்தால் புள்ளி பெரும்பாலும் விழாது.

இப்போதிருக்கும் புள்ளிகளுக்கு, வெள்ளை வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து, ஓரிரு நிமிடங்கள் புள்ளியின் மேல் ஒற்றி வைத்துப் பிறகு நன்றாக அலசுங்கள். உப்பு கரைந்துவிடும். அதற்கும் போகாதவை பூச்சுக்குள் அரித்து இறங்கியவை. அவற்றுக்கு மட்டும் பாலிஷ் தேவைப்படும். குளியலறை ஓடு கழுவும் அமிலத்தைச் சிலர் பரிந்துரைப்பதுண்டு. அதைக் காரின் அருகே கொண்டுவராதீர்கள்.

ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்த இடத்தில் கறை நின்றுவிட்டது. வெள்ளை நிறக் கார்.
— கும்பகோணம் வாசகர்

காய்ந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் நகத்தால் சுரண்டவோ உலர்துணியால் தேய்க்கவோ வேண்டாம்; ஈரத் துணியைப் பத்து நிமிடம் அதன் மேல் போட்டு ஊறவைத்தால் தானாகவே விட்டுவிடும். மஞ்சள் நிறம் மட்டும் எஞ்சியிருந்தால் காரைச் சில நாட்கள் வெயிலில் நிறுத்துங்கள். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் வெயில் ஒளியில் சிதைந்து வெளுக்கும் தன்மை உடையது. குங்குமச் சிவப்பு போகவில்லையென்றால், அதில் செயற்கைச் சாயம் கலந்திருக்கக்கூடும்; அதற்கு லேசான பாலிஷ்தான் வழி. அடுத்த ஆண்டு பொட்டைக் கண்ணாடியின் மேல் வைத்துவிடுங்கள். பூஜைக்கு அதனால் ஒரு குறையும் வராது.

முன்பக்கம், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் காலடியில் விரிப்பு ஈரமாகவே இருக்கிறது. மழையே இல்லை. கூரை ஒழுகுகிறதா?
— மதுரை வாசகர்

மழையில்லாத நாளில் ஈரம் என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஏசியைத்தான். டேஷ்போர்டுக்குள் இருக்கும் குளிர்ச் சுருளின் மேல் காற்றின் ஈரம் நீராகப் படிந்து, ஒரு சிறு ரப்பர் குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்டும். ஏசி ஓடிய கார் நின்ற இடத்தில் தண்ணீர் தேங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கோளாறு அல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். உங்கள் கார் அப்படிச் சொட்டவில்லையென்றால், தூசியோ இலைத்துகளோ அந்தக் குழாயை அடைத்திருக்கிறது. வெளியேற வழியில்லாத நீர் உள்ளே வழிகிறது. காருக்கு அடியில் அந்தக் குழாயின் முனையைக் கண்டுபிடித்து, மெல்லிய பிளாஸ்டிக் கம்பியால் பக்குவமாகக் குத்திவிட்டால் தேங்கிய நீர் கொட்டிவிடும். பஞ்சர் கடைக் கம்ப்ரசரின் முழு அழுத்தத்தையும் அதற்குள் செலுத்தினால் குழாய் உள்ளே கழன்றுவிடக்கூடும். பிறகு டேஷ்போர்டைக் கழற்ற வேண்டியிருக்கும்.

ஈரத்தைத் தொட்டு முகர்ந்தும் பாருங்கள். நிறமோ பிசுபிசுப்போ இனிப்பு வாடையோ இருந்தால் அது கூலன்ட். ஹீட்டர் பக்கம் கசிகிறது என்று பொருள். கையை உடனே கழுவிவிட்டு மெக்கானிக்கிடம் செல்லுங்கள். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. குழந்தையோ நாயோ வாய் வைத்துவிடக் கூடாது. எதுவாக இருந்தாலும் விரிப்பை மேலாக வெயில் காட்டினால் போதாது. அடியில் இருக்கும் பஞ்சு பல நாள் ஈரம் காக்கும், பூஞ்சை வாடையும் தரைத்தகட்டில் துருவும் அங்கிருந்துதான் தொடங்கும். விரிப்பைத் தூக்கி முட்டுக் கொடுத்து முழுதும் காயவையுங்கள்.

இரவில் நெடுஞ்சாலையில் வெளிச்சம் போதவில்லை. 100/90 வாட் பல்பு போட்டுக்கொள்ளலாமா, எல்இடி போடலாமா?
— திண்டுக்கல் வாசகர்

இரண்டும் வேண்டாம் என்பேன். காரணம் சொல்ல வேண்டும் அல்லவா? பழைய வகை விளக்குகளில் வரும் எச்4 ஹாலஜன் பல்பு, ஹைபீமில் 60 வாட், லோபீமில் 55 வாட். லோபீமில் அது 12 வோல்ட்டில் சுமார் நாலரை ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். 90 வாட் பல்பு ஏழரை ஆம்பியர் எடுக்கும். ஒயரில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், அதே ஒயர் இரண்டரை மடங்குக்கும் மேல் சூடாகும். பல்பு ஹோல்டர் உருகுவதும் ஸ்விட்ச் கருகுவதும் அதனால்தான். ஹாலஜனுக்காக வடிவமைத்த பிரதிபலிப்பானில் எல்இடி பல்பைச் செருகினால், ஒளி பிறக்கும் இடமும் வடிவமும் மாறிவிடுவதால் வெளிச்சம் கலைந்து எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். போதாததற்கு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு இடமளிக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியவை வேறு. விளக்கின் முகப்பு மஞ்சளித்திருக்கிறதா என்று பாருங்கள். அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். மேலே உள்ள புறஊதா காப்புப் பூச்சு வெயிலில் கெட்டுப்போனதும் மங்கிவிடும். சுற்றியுள்ள பெயின்ட்டில் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, 800, 1500, 2000, 3000 எண் நீர்த்தாள்களால் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) வரிசையாக, தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புறஊதா காப்புள்ள கிளியர் பூசுங்கள். பற்பசையால் தேய்த்தாலும் பளபளக்கும். ஆனால் காப்புப் பூச்சு இல்லாததால் சில மாதங்களில் பழைய மஞ்சளே திரும்பிவிடும்.

அடுத்தது ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச். பழைய கார்களில் விளக்குக்கான மின்சாரம் நீண்ட மெல்லிய ஒயரிலும் ஸ்விட்சிலும் சுற்றி வருவதால் பல்புக்குப் போய்ச் சேரும் வோல்ட் குறைந்துவிடும். பத்து சதவீத வோல்ட் குறைந்தால் ஹாலஜனின் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். ஃப்யூஸுடன் கூடிய ரிலே ஒயரிங் செட் ஒன்றைப் பேட்டரியிலிருந்து நேராகக் கொண்டுவந்தால், பழைய ஸ்விட்ச் ரிலேயை இயக்கும் வேலையை மட்டும் பார்க்கும். நிறுவனம் தந்த அதே 60/55 வாட் பல்பு தன் முழு வெளிச்சத்தைத் தரும். எந்த ஒயரையும் வெட்டத் தேவையில்லை, பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். விளக்குகள் கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் புதிய கார்களில் மட்டும் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

டயரில் நைட்ரஜன் அடைப்பது அவசியமா?
— நாமக்கல் வாசகர்

அவசியமில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அட்டவணையின்படி, டயர் சூடாவதற்கு முன், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காற்று பாருங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து.

டேஷ்கேமராவை நானே பொருத்த விரும்புகிறேன். கடையில் ஏதோ ஒயரை அறுத்து ஒட்டுவதாகச் சொல்கிறார்கள்.
— ஈரோடு வாசகி

அறுக்கவே விடாதீர்கள். ஃப்யூஸ் பெட்டியிலேயே கிளை எடுத்துத் தரும் இணைப்பான் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் ஒரு ஃப்யூஸை, சார்ஜர் சாக்கெட்டுக்கானதைப் போன்ற ஒன்றை, மல்டிமீட்டரால் கண்டுபிடித்து அதில் செருகுங்கள். ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் கணினி ஆகியவற்றின் ஃப்யூஸ்களைத் தொட வேண்டாம். முன்கண்ணாடியோரத் தூணுக்குள் திரை ஏர்பேக் (பக்கக் கண்ணாடிகளின் மேல் திரைபோல் விரிவது) இருக்கும் காரானால், ஒயர் ஏர்பேக்கின் பின்னால் செல்ல வேண்டும். முன்னால் சென்றால் அது விரியும்போது தடையாகும். அந்தத் தூணின் மூடியைக் கழற்றத் தயக்கமாக இருந்தால் அந்த ஒரு வேலையை மட்டும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.

நிறுத்திய பின்னும் பதிவு ஓட வேண்டுமென்றால், வோல்ட் குறைந்ததும் தானே அணையும் வசதியுள்ள ஒயரிங் செட் தேவை. முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்பது ஏறக்குறைய பாதி. அந்த இடத்தில் அணையும்படி வைத்தால் காலையில் கார் கிளம்பும். நம் ஊர் வெயிலில் நிற்கும் காருக்கு, லித்தியம் பேட்டரி உள்ள கேமராவைவிடக் கெப்பாசிட்டர் உள்ளதே ஏற்றது.

எலி ஒயரைக் கடித்துவிட்டது. புகையிலையும் அந்துருண்டையும் வைத்தும் மறுபடி வருகிறது.
— தஞ்சாவூர் வாசகர்

எஞ்சின் சூட்டில் அவற்றின் வாடை வெகுநாள் தங்குவதில்லை. அந்துருண்டையின் ஆவி ஏசி வழியாகக் காருக்குள் வந்து உங்களுக்குத் தலைவலி தருவதுதான் மிச்சம். விஷமும் வைக்காதீர்கள், எலி ஏசி குழாய்க்குள் போய்ச் செத்தால் அதை எடுப்பது பெரும்பாடு. காருக்குள் பிஸ்கட் துணுக்குகூட இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சொந்த வளாகத்துக்குள் நிறுத்துவதானால் இரவில் பானெட்டைத் திறந்து வைத்து அருகில் ஒரு விளக்கை எரியவிடுங்கள். இருட்டும் கதகதப்பும் மறைவும் இல்லாத இடத்தில் எலி கூடு கட்டத் தயங்கும். ஏசி காற்று உள்ளே நுழையும் வாய்க்குக் கம்பி வலை அடிக்கலாம், ரேடியேட்டர் முன் காற்றுத் தடையில்லாமல். ரிப்பேர் செய்த ஒயரின் மேல் மிளகாயின் காரப்பொருள் கலந்த டேப்பைச் சுற்றச் சொல்லுங்கள். கேபின் ஃபில்டரையும் கழற்றிப் பாருங்கள், பல கார்களில் கூடு அங்கேதான் இருக்கிறது.

சில நாட்கள் நிறுத்திவைத்த காரைக் கிளப்பும் முன் பானெட்டைத் திறந்து, எலிப்புழுக்கையோ பஞ்சுத் துணுக்குகளோ கிடக்கின்றனவா என்று பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் சாவியைத் தொடாதீர்கள். எரிபொருள் குழாயைக் கடித்திருக்கும். மெக்கானிக்கை அங்கேயே வரவழையுங்கள்.