"மாதம் 110 டாலர்தானே கூட?": மிட்சைஸ் பிக்கப்பா, ஃபுல்சைஸா?

கேள்வி: டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். நான் எச்-1பி (நிறுவனம் மூலம் கிடைக்கும் வேலை விசா), மனைவி எச்-4 இஏடி-யில் (துணைவர் விசாவில் இருப்பவருக்கான வேலை அனுமதி) வேலை பார்க்கிறார். இருவர் சம்பளமும் சேர்ந்து ஆண்டுக்கு 1,90,000 டாலர். பிள்ளைகள் இருவர். மினிவேன் ஒன்று இருக்கிறது. பழைய காரைக் கொடுத்துவிட்டு ஒரு பிக்கப் டிரக் வாங்க ஆசை. தோட்டத்துக்கு மண், பலகை ஏற்ற வேண்டும். தமிழ்ப் பள்ளி விழாக்களுக்கு மேசை நாற்காலி கொண்டுபோக வேண்டும். அடுத்த வருடம் டிராவல் டிரெய்லர் (வண்டியின் பின்னால் இழுத்துப்போகும் தங்கும் அறை) ஒன்று வாங்கி, குடும்பத்தோடு ஸ்டேட் பார்க்குகளுக்குப் போகலாம் என்றும் ஓர் எண்ணம். மிட்சைஸ் (நடுத்தர அளவு) வகையில் புதிய ஃபோர்டு ரேஞ்சர் வரி, கட்டணம் எல்லாம் சேர்த்து 42,000 டாலர். ஃபுல்சைஸ் (பெரிய அளவு) வகையில் எஃப்-150 58,000 டாலர். முன்பணம் 10,000 தர முடியும். ரேஞ்சருக்கு 6.5% வட்டியில் 60 மாதம், தவணை 626 டாலர். எஃப்-150-க்கு 7.5% வட்டியில் 84 மாதம், 736 டாலர். "மாதம் 110 டாலர்தானே கூட, பெரிய வண்டியாகவே எடுங்கள்" என்கிறார் டீலர். 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டி என்றால் ஓர் எல்எல்சி (சொந்த நிறுவனம்) தொடங்கி முழு விலையையும் வரியில் கழித்துவிடலாம் என்று நண்பர் வேறு சொல்கிறார். முன்பணம் போக, மூன்று மாதச் செலவுக்கான சேமிப்பு கையில் இருக்கும். எதை வாங்கலாம்?

பதில்: ரேஞ்சர் வாங்குங்கள். டிரெய்லர் விஷயத்தில் மட்டும் ஒரு நிபந்தனை இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த 110 டாலரைப் பார்ப்போம். டீலர் பொய் சொல்லவில்லை. ஆனால் 60 மாதத் தவணையையும் 84 மாதத் தவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். ரேஞ்சருக்கு 32,000 டாலர் கடன். 626 வீதம் 60 மாதம் கட்டினால் மொத்தம் 37,560. எஃப்-150-க்கு 48,000 டாலர் கடன். 736 வீதம் 84 மாதம் என்றால் 61,824. வித்தியாசம் 24,000 டாலருக்கு மேல். வட்டியை மட்டும் பிரித்துப் பார்த்தால் ஒன்றில் சுமார் 5,560, இன்னொன்றில் சுமார் 13,800. எஃப்-150-ஐயும் அதே 6.5% வட்டியில் 60 மாதத்தில் அடைப்பதாக இருந்தால் தவணை 939 டாலர் வரும். அப்படியானால் உண்மையான வித்தியாசம் மாதம் 313. அந்த எண்ணைச் சொல்லியிருந்தால் நீங்கள் எனக்கு எழுதியே இருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் பிறந்த ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் இத்தோடு நிறுத்தி, "சம்பளம் தாங்கும், உங்கள் இஷ்டம்" என்றுகூடச் சொல்லியிருப்பேன். உங்கள் நிலை வேறு. எச்-1பி-யில் வேலை போனால் அடுத்த வழி தேட 60 நாள் வரைதான் அவகாசம். மனைவியின் எச்-4 உங்கள் எச்-1பி-யைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அவருடைய வேலை அனுமதி அந்த எச்-4-ஐப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வீட்டில் இரண்டு சம்பளம் வந்தாலும் கணக்குப் போடும்போது அதை ஒரே வேலையாகத்தான் பார்க்க வேண்டும். எனவே, வண்டி வாங்கும்போது நான் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: இரண்டு வருடம் கழித்து அவசரமாக விற்க நேர்ந்தால் கையில் என்ன மிஞ்சும்?

இரண்டு வண்டிகளும் இரண்டு வருடத்தில் 30% மதிப்பு இழப்பதாக வைத்துக்கொள்வோம். இது ஒரு பேச்சுக்குத்தான். நிறுவனத்துக்கு நிறுவனம், மாடலுக்கு மாடல் மாறும். வரி நீக்கி ரேஞ்சரின் விலை சுமார் 39,300 என்றால், இரண்டு வருடம் கழித்து 27,500-க்குப் போகும். அப்போது கடன் பாக்கி சுமார் 20,400. விற்று அடைத்த பிறகு 7,000 டாலர் கையில் நிற்கும். எஃப்-150 சுமார் 54,300-இலிருந்து 38,000-க்கு வரும். ஆனால் பாக்கி 36,700. மிஞ்சுவது 1,300. டீலரிடமே திருப்பிக் கொடுத்தால் அவர் தன் லாபத்துக்கும் இடம் விட்டுத்தான் விலை சொல்வார், அதில் அந்த 1,300-ம் காணாமல் போகும். 35% இறங்கியிருந்தால் வண்டியைக் கொடுத்த பிறகும் கையிலிருந்து கட்ட வேண்டிவரும். போட்ட முன்பணம் 10,000 கணக்கிலேயே இருக்காது. ஏழு வருடக் கடனின் தொல்லை இதுதான்: ஆரம்ப வருடங்களில் வண்டியின் விலை இறங்கும் வேகத்துக்கு அசல் இறங்காது.

சரி, ஆறாவது, ஏழாவது வருடம் என்ன ஆகும்? ரேஞ்சர் கடன் முடிந்து ஒவ்வொரு மாதமும் 626 டாலர் உங்களிடமே தங்கும். எஃப்-150-க்கு இன்னும் 24 தவணை பாக்கி, அதாவது 17,600 டாலருக்கு மேல். மூத்த பிள்ளை கல்லூரிக்குக் கிளம்பும் வயது அப்போது வந்திருக்கலாம்.

இனி பயன்பாட்டுக்கு வருவோம். மண் ஏற்றுவதற்குப் பெரிய வண்டி வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு கன கெஜம் தோட்ட மண் 2,000 பவுண்டுக்கு மேல் நிற்கும், ஈரமாக இருந்தால் இன்னும் அதிகம். நான்கு கதவு வைத்த எஃப்-150-களில் பெரும்பாலானவை அதையே முழுதாகத் தாங்காது. மொத்தமாக மண் வேண்டுமென்றால் கடைக்காரரே லாரியில் கொண்டுவந்து வாசலில் கொட்டிவிட்டுப் போவார். மூட்டை மூட்டையாக வாங்கினால் ரேஞ்சர் தாராளம். தமிழ்ப் பள்ளி மேசை நாற்காலிக்கும் அப்படியே. வருடத்தில் ஓரிரு முறை அதைவிடப் பெரிய சுமை வந்தால், யு-ஹால் வாடகை வண்டி நிறுவனத்தில் ஒரு நாள் வாடகை சுமார் 20 டாலர், மைலுக்குத் தனிக் காசு. அதற்காக 24,000 டாலர் கூடுதலாகக் கட்டுவதில் அர்த்தம் இல்லை.

டிரெய்லர்தான் உண்மையான கேள்வி. இங்கே எல்லோரும் பார்ப்பது இழுவைத் திறன் எண்ணை: உரிய டோ பேக்கேஜ் (இழுவைக்கான கூடுதல் பாகங்கள்) இருந்தால் ரேஞ்சர் 7,500 பவுண்டு வரை, டொயோட்டா டகோமா 6,500 வரை, ஹோண்டா ரிட்ஜ்லைன் 5,000, எஃப்-150 சரியான எஞ்சினோடு 13,000-க்கும் மேல். ஆனால் குடும்பத்தோடு போகிறவரை முதலில் தடுப்பது இந்த எண் இல்லை. டிரைவர் கதவைத் திறந்தால் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் கொக்கி) மேல் அழுத்தும். அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

நால்வர் படுக்கிற மாதிரியான டிரெய்லர், தண்ணீர், பாத்திரம், துணிமணி எல்லாம் ஏற்றினால் 6,500 பவுண்டைத் தொடலாம். ஹிட்ச் மேல் 850 பவுண்டு. நீங்கள் நால்வரும் சேர்ந்து 450. குளிர்பெட்டி, சைக்கிள், ஹிட்ச் சாமான் என்று இன்னொரு 250. ஆக மொத்தம் 1,550. பல மிட்சைஸ் வண்டிகளின் ஸ்டிக்கர் எண் இதற்குக் கீழேயோ இதை ஒட்டியோதான் இருக்கும். பிள்ளைகளும் வளர்கிறார்கள். இப்படிப்பட்ட டிரெய்லர் நிச்சயம் வாங்குவேன், மாதம் ஒரு முறையாவது இழுப்பேன் என்றால் ஃபுல்சைஸ்தான் சரி. அதில் ஆடம்பரம் ஒன்றுமில்லை. அப்போதும் ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பனோரமிக் சன்ரூஃப், பெரிய சக்கரம் என்று எடை ஏற்றிய விலையுயர்ந்த டிரிம்களில் (வசதி ரகங்களில்) எஃப்-150-இன் எண்ணும் கணிசமாக இறங்கிவிடும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் டிரெய்லர் "எண்ணம்" அளவில்தான் இருக்கிறது. டிரெய்லருக்கே இன்னொரு கடன், இன்னொரு காப்பீடு. வீட்டில் நிறுத்த எச்ஓஏ (குடியிருப்பு உரிமையாளர் சங்கம்) விடாது என்றால் ஸ்டோரேஜ் வாடகை. முதல் வருடம் ஓர் ஆர்வியை (படுக்கை, சமையல் வசதியுள்ள பயண வண்டி) இரண்டு மூன்று முறை வாடகைக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள். டெக்சாஸ் ஆகஸ்ட் வெயிலில் ஒரு வார இறுதி தங்கிவிட்டு வந்த பிறகும் வீட்டில் எல்லோருக்கும் அதே உற்சாகம் இருந்தால், அப்போது ரேஞ்சரை விற்றுவிட்டு இரண்டு மூன்று வருடம் ஓடிய ஃபுல்சைஸ் ஒன்றுக்கு மாறலாம். முதல் பெரிய விலைச் சரிவை யாரோ ஒருவர் ஏற்கெனவே தாங்கியிருப்பார். 3,500 பவுண்டுக்குள் அடங்கும் சின்ன டிரெய்லரே போதும் என்று முடிவானால் மாறவே வேண்டாம்.

இனி வரி. நண்பர் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதிதான் ஆபத்து. 6,000 பவுண்டு என்பது வண்டியின் சொந்த எடை இல்லை, ஆளும் சுமையும் சேர்த்து அது தாங்கக்கூடிய உச்ச எடை. பல மிட்சைஸ் பிக்கப்களே அதைத் தாண்டிவிடுகின்றன, அதனால் அந்தக் காரணத்துக்காகப் பெரிய வண்டி தேவையில்லை. முக்கியமானது வேறு: வண்டியின் ஓட்டத்தில் பாதிக்கு மேல் உண்மையான தொழிலுக்காக இருக்க வேண்டும். வீட்டிலிருந்து அலுவலகம் போவது அதில் சேராது. பின்னால் தொழில் ஓட்டம் பாதிக்குக் கீழே இறங்கினால், கழித்த தொகையில் ஒரு பகுதி வருமானமாகத் திரும்பி வந்து வரி கேட்கும். டபிள்யூ-2 (நிறுவனம் தரும் சம்பளப் படிவம்) வாங்கும் சம்பளக்காரர் வேலைக்கான செலவை மத்திய வரியில் கழிப்பது 2018-லேயே போய்விட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, எச்-1பி-யில் இருந்துகொண்டு சொந்த எல்எல்சி-யில் வேலை செய்வது விசாவுக்கே வினையாகலாம். மனைவி இஏடி-யை வைத்து உண்மையாகவே ஒரு தொழில் நடத்தினால் கதை வேறு; அப்போது சிபிஏ (உரிமம் பெற்ற கணக்காளர்) ஒருவரிடம் போங்கள். வண்டிக்காகத் தொழில் தொடங்குவது மட்டும் வேண்டாம்.

உங்களுக்கு உண்மையிலேயே கிடைக்கக்கூடிய சலுகை வேறொன்று இருக்கிறது, டீலர் அதைச் சொல்லாதது எனக்கு ஆச்சரியம். 2025 முதல் 2028 வரை, சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கிய புதிய வண்டியின் கடன் வட்டியில் ஆண்டுக்கு 10,000 டாலர் வரை வருமானத்திலிருந்து கழிக்கலாம். ஸ்டாண்டர்டு டிடக்ஷன் (செலவுப் பட்டியல் தராமல் எடுக்கும் நிலையான கழிவு) எடுப்பவருக்கும் உண்டு. வண்டியின் இறுதி அசெம்பிளி அமெரிக்காவில் நடந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ரேஞ்சர் மிச்சிகனில் வெய்ன் ஆலையில் ஆகிறது. நிசான் ஃபிராண்டியர் மிசிசிப்பியில், ரிட்ஜ்லைன் அலபாமாவில், செவி கொலராடோ மிசௌரியில். நம்மவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கும் டகோமா மெக்சிகோவிலிருந்து வருகிறது, அதற்குக் கிடையாது. அதன் அண்ணன் டன்ட்ரா உங்கள் மாநிலத்திலேயே சான் அன்டோனியோவில் ஆகிறது, அதற்கு உண்டு. வின் எண் (வண்டியின் அடையாள எண்) 1, 4 அல்லது 5-இல் தொடங்கினால் அமெரிக்கா. 3 என்றால் மெக்சிகோ. மறுவிற்பனையில் டகோமாவுக்கு இருக்கும் மவுசு இந்தச் சலுகையை ஈடுகட்டிவிடலாம், அதனால் அதை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம்.

தொகை பெரிதில்லை. ரேஞ்சர் கடனில் முதல் 12 மாத வட்டி சுமார் 1,900 டாலர். நீங்கள் 22% வரி அடுக்கில் இருப்பதால் 420 டாலர் மிச்சம். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்யும்போது வருமானம் 2 லட்சத்தைத் தாண்டினால் ஒவ்வொரு 1,000 டாலருக்கும் கழிவில் 200 குறையும். போனஸோ ஆர்எஸ்யு-வோ (நிறுவனம் தரும் பங்குகள்) வந்து 2,10,000-ஐத் தொட்டால் உங்கள் கழிவு பூஜ்யம். அப்படித் தொடும்போல் இருந்தால் 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்பில் வரிக்கு முந்தைய பங்கைக் கொஞ்சம் கூட்டுங்கள். இரண்டு பக்கமும் லாபம்.

எரிபொருளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இன்றைய டர்போ எஞ்சின்களில் இரண்டுக்கும் இடையே கேலனுக்கு ஓரிரு மைல்தான் வித்தியாசம். வருடம் 12,000 மைலுக்கு 55 கேலன் அளவில்தான் கூடுதலாக வரும். டயர் ஃபுல்சைஸுக்குக் கூடுதல். காப்பீட்டுக்கு இரண்டின் விவரத்தையும் கொடுத்து இப்போதே விலை கேட்டுவிடுங்கள். கராஜை டேப் வைத்து அளந்து பாருங்கள்: நான்கு கதவு எஃப்-150, சின்ன பெட் (பின்புறச் சரக்குப் பகுதி) வைத்ததே 19 அடிக்கு மேல் நீளம். 20 அடி கராஜில் அதை விட்டால் நடக்க இடம் இருக்காது. ரேஞ்சர் பதினேழரை அடி.

அப்புறம், அந்த மூன்று மாதச் சேமிப்பு. விசாவில் இருப்பவருக்கு அது போதாது, ஆறு மாதமாவது வேண்டும். பழைய காரை விற்று வரும் பணத்தை வண்டியில் போடாமல் அங்கே போடுங்கள். டீலரிடமே மாற்றினால் டெக்சாஸில் அந்தத் தொகைக்கு 6.25% வரி மிச்சமாகும் என்பது உண்மைதான். வெளியே விற்றால் அதைவிட அதிகம் கிடைக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

டீலரிடம் போகும் முன் ஒரு கிரெடிட் யூனியனில் (கூட்டுறவு வங்கி போன்றது) கடன் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே மாதத் தவணையைப் பற்றிப் பேசவே வேண்டாம், எல்லாம் சேர்த்த மொத்த விலையை எழுத்தில் கேளுங்கள். ஜன்னல் டின்ட், பெயின்ட் பாதுகாப்பு என்று சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். டோ பேக்கேஜ் மட்டும் தொழிற்சாலையிலேயே பொருத்தியதாக இருக்கட்டும். அது இல்லாத ரேஞ்சர் 3,500 பவுண்டுக்கு மேல் இழுக்காது.