தங்கப் பெட்டைக்கோழி

வணக்கம் சார்,

‘மாவீரன்’ பாட்டுகளைக் கல்லூரி நாளிலிருந்து கேட்கிறேன். போன வாரம் என் அறை நண்பர், சித்தூர்க்காரர், ‘மகதீரா’ தெலுங்குப் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார். அதே மெட்டு, அதே வாத்தியம். அங்கே சொற்கள் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன, நம்முடையது இடிக்கிறது. “தமிழ்ல அப்படித்தான் வரும்” என்று சிரிக்கிறார். தமிழால் முடியாதா, எழுதியவர் அக்கறை காட்டவில்லையா?

செல்வம், ஓசூர்

அன்புள்ள செல்வம்,

முதலில் மற்றவர்களுக்காக: இது ரஜினியின் மாவீரனும் அல்ல, சிவகார்த்திகேயனுடையதும் அல்ல. 2009-ல் ராஜமௌலி எடுத்து, 2011-ல் தமிழுக்கு வந்த ராம் சரண் படம். இசை கீரவாணி, நமக்கு ‘அழகன்’ மரகதமணி.

தெலுங்கில் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடியும். நமக்கு ன், ம், ள் என்று பாதிச் சொற்கள் மெய்யில் நின்றுவிடும். ‘ம்’மை எவ்வளவு நேரம் இழுப்பது? ‘பஞ்சதார பொம்மா’ பாட்டையே எடுங்கள். தெலுங்குப் பாடலாசிரியர் சந்திரபோஸ் எழுதியது. பஞ்சதார என்றால் சர்க்கரை. சரி, அதே மெட்டில் ‘சர்க்கரைப் பொம்மை’ என்று பாடிப் பாருங்கள். பஞ்-ச-தா-ர என்று அங்கே நாலு தட்டு. சர்க்-க-ரை மூன்றோடு நின்றுவிடும். ‘மா’ என்று வாய் திறக்கும் இடத்தில் ‘மை’ வந்து பாதி மூடும். போதாததற்குத் திரையில் ‘ப’வுக்கும் ‘ம’வுக்கும் உதடு ஒட்டுவது தெரியும். எழுதுகிறவர் மெட்டையும் பார்க்கவேண்டும், ராம் சரணின் உதட்டையும் பார்க்கவேண்டும். அர்த்தம் மூன்றாவதாகத்தான் வண்டியேறும்.

ஆனால் உங்கள் நண்பர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவருக்கு ‘இதயத்தைத் திருடாதே’யைப் போடுங்கள். 1989-ல் வந்த தெலுங்கு ‘கீதாஞ்சலி’தான் அது, இளையராஜா மெட்டு, பாட்டு எழுதியது அங்கே வேட்டூரி, இங்கே வாலி. தெலுங்கில் ‘ஆமனி பாடவே’, தமிழில் ‘காவியம் பாடவா’. ‘ஆ’ இருந்த இடத்தில் ‘கா’. ‘பாட’ அப்படியே இருக்கிறது. ‘வே’ மட்டும் ‘வா’ ஆயிற்று. அந்த ஓரெழுத்தில் அர்த்தம் புரண்டுவிட்டதைக் கவனியுங்கள். ஆமனி என்றால் வசந்தம். அங்கே கதாநாயகன் வசந்தத்தைப் பாடச் சொல்கிறான். இங்கே தென்றலிடம், நான் பாடட்டுமா என்று கேட்கிறான். நோயால் சாகப்போகிறவன் கேட்பதற்கு எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. வாலி சும்மா இல்லை.

எத்தனை கெட்டிக்காரரானாலும் தமிழுக்குக் கொண்டுவர முடியாதது ஒன்று மாவீரனில் உண்டு. ‘பங்காரு கோடிபெட்ட’, தங்கப் பெட்டைக்கோழி. அது 1992-ல் ‘கரானா மொகுடு’ படத்துக்குக் கீரவாணியே போட்ட பாட்டு; ஆடியவர் சிரஞ்சீவி. பதினேழு வருடம் கழித்து மகன் ராம் சரண் அதற்கு ஆடுகிறார், நடுவே அப்பாவும் வந்து ஆடுகிறார். தெலுங்கு ரசிகனுக்கு அது வீட்டுக் கல்யாணம். நமக்கோ அந்தக் கதையே ரஜினியின் ‘மன்னன்’ ஆகத்தான் தெரியும் (இரண்டுக்கும் மூலம் ஒரே கன்னடப் படம்), அதில் கோழியும் கிடையாது.

சென்னையில் நான் பார்த்த காட்சியில் சிரஞ்சீவி வந்ததும் பின்வரிசையில் நாலு பேர் மட்டும் எழுந்து விசிலடித்தார்கள். எனக்குப் பக்கத்தில் பாப்கார்னோடு இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு, “இவரு எதுக்குங்க இப்ப வர்றாரு?” என்றார்.